ஒரு பச்சைக் கோடு சத்தம்

நீங்கள் எல்லோரும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு படம் பார்க்கிறீர்கள். அறைக்குள் சத்தமே இல்லை. மின்விசிறி மட்டும் தனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று நானும் பார்க்கிறேன். ஒரு திரையில் முயல் ஒன்று வாயைத் திறந்து மூடுகிறது. பாடுகிறதா, அலறுகிறதா? இன்னொரு திரையில் ஒரு மீன் இன்னொரு மீனின் முகத்தோடு முகம் வைத்து ஏதோ கேட்கிறது. கெஞ்சுகிறதா, மிரட்டுகிறதா? உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நீங்கள் தலையை ஆட்டிவிட்டு, பெற்றோருக்கான குறிப்பில் 'நான்கு வயதிலிருந்து பார்க்கலாம்' என்று தட்டுகிறீர்கள்.

இந்த மாதத்தோடு நான் விலகிக்கொள்கிறேன். போகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்கிறீர்கள். சொல்கிறேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கும்போது எனக்கு ஏன் ஒவ்வொரு முறையும் ஒரு கரடி ஞாபகம் வருகிறது என்பதைச் சொல்கிறேன்.

இந்த வேலைக்கு ஒரு பெயர் வருவதற்கு முன்பே நான் இதைச் செய்துகொண்டிருந்தேன். படப்பையில், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், சினிமா சி.டி. தட்டுகளை வாடகைக்கு விடுகிற கடை. கேசட் போய்த் தட்டு வந்து வெகு நாளாகியும் நான் கேசட் கடை அக்காதான். சாயங்காலம் ஒரகடம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். சீருடையோடு இறங்குகிறவர்கள் பாதித் தூக்கத்தில் நடந்து வருவார்கள். வெளிச்சத்தில் மிதக்கிற மாதிரி இருக்கும் அவர்கள் நடை. கடைக்குள் நுழைந்து, பொம்மைப் பட அடுக்கின் முன்னால் நின்று, ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"யக்கா, இத்தப் புள்ளைங்களுக்குப் போடலாமா?"

இன்று நீங்கள் சம்பளம் வாங்குவது இந்தக் கேள்விக்குத்தான்.

ஒவ்வொருவர் பயமும் ஒரு மாதிரி. ஒரு அம்மாவுக்கு முத்தக் காட்சி இருக்கக் கூடாது. இன்னொருவருக்கு எலி நல்லவனாக வரக் கூடாது. ஏற்கெனவே பையன் எலியைக் கண்டால் பயப்படுவதில்லை, அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு வைத்துப் பேசுகிறான் என்பார். ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற ஒரு அப்பா மட்டும் எப்போதும் வேறு கேள்வி கேட்பார். "நல்ல படமான்னு கேக்கலக்கா. நீளமான படமா?"

எந்தப் படத்தையும் நான் பார்க்காமல் கொடுத்ததில்லை. காலையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கால் நீட்டி உட்கார்ந்து, முழுசாகப் பார்ப்பேன். வெளியே லாரிகள் போகும்போது தரை நடுங்கும், திரையில் பட்டாம்பூச்சி பறக்கும். அரைத் தூக்கத்தில் எது ரோடு, எது படம் என்று தெரியாமல் போகும் அந்தக் காலைகளில்தான் என் வாழ்க்கையின் நல்ல பகுதி கழிந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்ததில் ஒன்றுதான் அந்தக் கரடிப் படம். தமிழில் பேசுகிற கரடி. பனி கொட்டுகிற தேசம். குண்டு அம்மா கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்கப் போகிறது. குட்டிக்குத் தூக்கம் வரவில்லை. அது குகைக்குள்ளும் வெளியிலுமாகத் தனியாக அலைகிறது. ஆனால் அம்மாவின் குரல் மட்டும் தூக்கத்துக்குள்ளிருந்து அதோடு பேசிக்கொண்டே இருக்கிறது. "நான் இங்கதான் இருக்கேன் கண்ணு." பனி உருகியதும் அம்மா எழுந்து வருகிறது. அவ்வளவுதான் கதை. அடிதடி இல்லை, வில்லன் இல்லை, யாரும் சாகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம் என்று கல்பனாவிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

கல்பனா சேரப்பணஞ்சேரிக்காரி. வண்டிகளுக்கு ஒயர் கட்டு தயாரிக்கிற கம்பெனியில் பகல் வேலை. அவள் கணவர் சுடலை திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம். தகட்டை அமுக்கி வளைக்கிற பெரிய பிரஸ் மெஷினில் ஒப்பந்தத் தொழிலாளி. வாரம் மாறி வாரம் இரவு ஷிப்ட். பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்த ஒரே மகள், தர்ஷினி. நடுப்பகலில் வேன் அவளை வீட்டில் இறக்கிவிடும். இரவு ஷிப்ட் வாரங்களில் அவள் வரும்போது வீட்டில் இருப்பது தூங்குகிற அப்பா மட்டும்தான்.

படத்தைக் கொடுத்துச் சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் கல்பனா பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா படம் குடுத்த நீ?"

"ஏன், ஓடலையா?"

"நல்லாத்தான் ஓடுது. இவ எங்க வூட்டுக்காரர தூங்கவே வுட மாட்டேங்குறா. கண்ண மூடுனா போதும், வந்து குலுக்குறா. அவர் முழிச்சிகினா மூஞ்சிய உத்துப் பாத்து, 'நீ யாரு'ன்னு கேக்குறா."

"எதுக்கு அப்படிக் கேக்குறாளாம்?" என்றேன்.

"கேட்டா, 'கரடி மாதிரி நீயும் மாறிடுவ'ன்றாளாம். எங்க மாமியா போன்ல மந்திரிக்கச் சொல்லுது. எங்கம்மா டிவியத் தூக்கிப் போடுன்னுது. நான் யார் பேச்சக் கேக்குறது?" அவள் குரல் இறங்கியது. "நேத்து மெஷின் முன்னாடி நின்னுகினே தூங்கிட்டாருக்கா. சூப்பர்வைசர்தான் சட்டையப் புடிச்சி இழுத்துருக்காரு. இன்னொரு தபா பாத்தா கார்டப் புடுங்கிகினு கேட்டுக்கு வெளிய தள்ளிடுவேன்னு சொல்லிட்டாரு. வேல போனாக்கூட வேற தேடிக்கலாம். கை போனா?"

இந்த இடத்தில் உங்கள் எல்லோருக்கும் வாயில் ஒரு பதில் வந்திருக்கும். எனக்கும் வந்தது. 'தட்டைக் கொடுத்துடு, வேற படம் தரேன்.' சுலபமான பதில். ஆனால் டிவியிலிருந்து கரடியை எடுத்துவிடலாம், அவள் தலைக்குள் படுத்திருக்கிற கரடியை யார் எடுப்பது? கரடி போனாலும் அந்த அறையில் தூங்குகிற ஒருவர் இருக்கத்தான் போகிறார்.

முதலில் சந்தேகப்பட்டது இரண்டாம் தட்டை. அப்போது ஒரு படம் இரண்டு தட்டாக வரும். முதல் தட்டோடு நின்றால் அம்மா கரடி தூங்கியபடியே படம் முடிந்துவிடும். "ரெண்டு தட்டும் போடுறீங்களா?" என்றேன்.

"போடுறாரே. கீறல் இருந்திச்சி, டூத்பேஸ்ட் தடவித் தொடச்சிகூட வெச்சாரு."

அப்படியானால் அந்தக் குழந்தை அம்மா எழுவதைப் பார்த்திருக்கிறாள். பிறகென்ன பயம்? நாளைக்கு வீட்டுக்கு வருகிறேன் என்று கல்பனாவை அனுப்பிவிட்டு, மறுநாள் காலை இன்னொரு பிரதியைப் போட்டு மறுபடி பார்த்தேன். ஒன்றும் இல்லை. குகை முழுக்க அந்தக் குரல் வெதுவெதுப்பாக நிரம்பியிருந்தது. எனக்கே தூக்கம் வந்தது. இன்று இரவும் அவர் அந்த மெஷின் முன்னால் நிற்கப் போகிறார் என்ற நினைப்புதான் என்னை எழுப்பி ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டது. பிள்ளைப்பாக்கத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய வேறொரு படமும் பையில் இருந்தது.

நான் வருவேன் என்று சொல்லியிருந்ததால் கல்பனா லீவு போட்டுவிட்டு இருந்தாள். அவர்கள் வீடு, வயலை விற்ற ஒருவர் மிச்ச நிலத்தில் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. ஜன்னலை நாளிதழ் ஒட்டி, அதன் மேல் கறுப்புத் துணி தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். வெளியே சுடுகிற பகல். உள்ளே நுழைந்தால் யாரோ சேர்த்து வைத்திருந்த இரவு. சுடலை லுங்கியோடு எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் பழுத்த மிளகாய்.

"வாங்கக்கா. ஒங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா நான் தூங்கணும்லா?"

"எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க" என்றேன்.

வேன் வந்தது. தர்ஷினி ஷூவை வெளியிலேயே கழற்றிவிட்டு, நுனிக்காலில் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். இந்த வீட்டில் பேசக் கூடாது என்று எனக்கு அறிவிக்கிறாள். சுடலை தட்டை உள்ளே தள்ளினார். பாலித்தீன் உறை போட்ட ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினார். திரையின் மூலையில் ஒலிபெருக்கிப் படமும் அதன் குறுக்கே ஒரு கோடும் வந்தன. பிறகு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார்.

"சத்தம்?" என்றேன்.

"அதென்னைக்கும் கெடையாதுக்கா" என்றது போர்வை.

"ஓனரம்மா வேற கத்தும்" என்றாள் கல்பனா.

நான் பல முறை பார்த்திருந்த படத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

குண்டுக் கரடி குட்டியைப் பார்த்து வாயைத் திறந்தது. பல் தெரிந்தது. அந்த இடத்தில் அது சொல்வது என்னவென்று எனக்குத் தெரியும். 'தூங்கித் தூங்கி நான் இளைச்சுப் போவேன், என் குரல வெச்சுக் கண்டுபிடிச்சுக்கோ.' அறைக்குள் அந்தச் சொல் இல்லை, பல் மட்டும் இருந்தது. கரடி படுத்தது. குட்டி அதைக் குலுக்கியது. வாய் அசையாமல் வருகிற குரல் அது. கடையில் குகையை நிரப்பிய குரல். இங்கே அசையாத வாய் மட்டும்தான். பனி வந்து மூடியது. நீலமான, நீண்ட, ஒன்றுமே நடக்காத பனி. இரண்டாம் தட்டில் குகையிலிருந்து ஒரு கரடி வெளியே வந்தது. ஒல்லி. வேறு நிறம். எலும்பு தெரிகிற முகம். குட்டி அதை நோக்கி ஓடியது.

தர்ஷினி என் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"அது வேற கரடி" என்று என் காதில் சொன்னாள். "பாவம், குட்டிக்குத் தெரில."

"நம்ம அப்பா எப்பவும் ஒரே அப்பாதானே பாப்பா?"

தலையை ஆட்டி மறுத்தாள். "தூங்கறதுக்கு முன்னாடி அப்பா சிரிக்கும். சாதம் ஊட்டும். எழுந்தா வேற அப்பா. அது கத்தும்."

போர்வை அசையாமல் இருந்தது. பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்தது.

"நானா கத்துதேன்?"

"பின்ன யாரு, பக்கத்து வூட்டுக்காரரா?" என்றாள் கல்பனா. "எழுந்த உடனே யார் மூஞ்சிலனா வுழுந்தாத்தான் உனுக்குத் தூக்கம் தெளியும்."

சுடலை முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார், அது தன்னுடையதுதானா என்று பார்க்கிற மாதிரி.

இங்கே ஒரு நிமிடம் நிற்கிறேன். நாம் படத்தைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறோம். படம் ஓடுகிற அறையைப் பற்றி எழுதுவதில்லை. பக்கத்தில் யார் இருப்பார்கள், அவர்கள் முழித்திருப்பார்களா, சத்தம் உண்டா என்று ஒரு பெற்றோரிடமும் நான் அதுவரை கேட்டதில்லை. அந்தச் சாலையின் இரு பக்கமும் எத்தனை அறைகளில் அந்நேரம் பொம்மைகள் ஊமையாக ஓடிக்கொண்டிருந்தனவோ! ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்களின் தலைமாட்டில், எத்தனை பிள்ளைகள் வாயசைவை மட்டும் பார்த்துத் தங்களுக்கென்று ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தார்களோ!

"ஒரே ஒரு தடவை சத்தத்தோட எல்லாரும் பார்ப்போம்" என்றேன்.

"இன்னைக்குச் சரி. நாளைக்கு? சத்தம் வச்சா நான் எங்க போய்த் தூங்க?" என்றார் சுடலை. நியாயம். அவருடைய தூக்கத்தைப் பிடுங்கித்தான் அவர் மகளைத் தேற்ற முடியும் என்றால் அது யோசனையே இல்லை. என்னிடம் அதற்கு மேல் யோசனையும் இல்லை. ஆனாலும் பார்த்தோம்.

குகைக்குள் குரல் ஆரம்பித்ததும் தர்ஷினி நிமிர்ந்தாள். எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். டிவிக்குப் பக்கத்தில் போய், ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அங்கேயே நின்றாள். ஒல்லிக் கரடி வெளியே வந்து, "எவ்ளோ வளந்துட்ட கண்ணு" என்று பேசியபோது அவளாகவே கண்ணை மூடினாள்.

"அம்மா" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். "வேற கரடி."

மூடினாள். "அம்மாதான்."

எத்தனையோ பேர் படம் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு நிதானத்தோடு ஒரு படத்துக்குத் தீர்ப்புச் சொன்ன ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அப்புறம் அவள் திரும்பி அப்பாவின் எதிரில் போய் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பேசு."

"என்னத்தட்டி பேச?"

"அப்பாதான்" என்று சான்றிதழ் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தோம். முடிந்தது என்று நினைத்தேன். அவள் முடிக்கவில்லை.

"தூங்கும்போது பேச மாட்டியே நீ. அந்தக் கரடி பேசுதே."

"அதான் கொறட்ட வுடுறாரே. அது பேச்சு இல்லாம இன்னாடி?" என்றாள் கல்பனா.

"கொறட்ட யார் வேணா வுடலாம்."

என் தொழில் அனுபவம் முழுவதும் அந்த வாசலுக்கு வெளியே செருப்போடு நின்றது. சுடலைதான் ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் குறைக்கிற பட்டனை அழுத்திக்கொண்டே போனார். திரையின் அடியில் பச்சைக் கோடுகள் ஒவ்வொன்றாக அவிந்து, கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சியது.

"இவ்வளவு சத்தத்துல போட்டுக்க. நான் தூங்குவேன். ஆனா கேட்டுட்டேதான் கெடப்பேன். என்ன கேட்டுச்சுன்னு எந்திரிச்சு சொல்லுதேன்."

தடுத்திருக்க வேண்டுமோ என்று எனக்குத் திக்கென்றது. தூங்குகிறவன் காப்பாற்ற முடியாத வாக்கு அது. அவர் தவறவிட்டால் அவளுக்கு அது நிரூபணமாகிவிடும்: போனது வேறு ஆள், வந்தது வேறு ஆள். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கரடி வேணாம். அது இப்ப உனக்குத் தெரியும். புதுசு."

என் பையைப் பார்த்தாள். பிள்ளைப்பாக்கத்துத் தட்டு அவள் கைக்குப் போனது. அந்த வீட்டில் யாரும் பார்க்காத படம்.

சுடலை படுத்தார். நானும் கல்பனாவும் வெளியே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தோம். கதவிடுக்கில் நீல வெளிச்சம் அசைந்தது. கல்பனா தட்டு மாற்ற ஒருமுறை உள்ளே போய்வந்தாள். "குலுக்கல. பக்கத்துல சும்மா குந்திகினு கீறா" என்றாள், நம்ப முடியாமல். தூரத்தில் எங்கோ தகடு விழுகிற ஓசை சீராக வந்தது. காற்று வந்தபோது அதுவும் தூக்கத்தில் யாரோ மூச்சு விடுவது போலிருந்தது.

முடிவை முன்பே சொல்லிவிடுவது நம் தொழிலின் கெட்ட பழக்கம். அதனால் சொல்கிறேன்: அவர் வேலை போகவில்லை. கைகள் இரண்டும் இருக்கின்றன. அந்த வீட்டில் இரவு ஷிப்ட் வாரங்களில் அதன் பிறகு எப்போதும் ஒரு பச்சைக் கோடு எரிந்தது. நானும் அன்று முதல் ஒவ்வொரு படத்தையும் மூன்று விதமாகப் பார்த்தேன்: சத்தத்தோடு, சத்தமில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு. உங்கள் குறிப்புகளில் அந்த இரண்டாவது பார்வைக்கு ஒரு வரி இடம் விடுங்கள். நீங்கள் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றினாலே போதும், அது தொடங்கிவிடும்.

கம்பெனி பஸ்களின் ஹாரன் கேட்க ஆரம்பித்த நேரத்தில் உள்ளே பாய் சரசரத்தது. நாங்கள் வாசலில் போய் நின்றோம். சுடலை தானாகவே எழுந்து உட்கார்ந்திருந்தார். படம் முடிந்து திரை வெறும் நீலமாக இருந்தது. அவர் எதிரில் தர்ஷினி கண்ணை இறுக்கி மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர் கத்தவில்லை. அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். என்ன கேட்கப்பட்டிருக்கிறது என்பது அவருக்கு மெல்லத்தான் ஞாபகம் வந்தது.

"எங்க ஊருக்குப் போயிருந்தேன் போல" என்றார். குரல் கரகரத்தது. "நல்ல மழ. ஓட்டு மேல சடசடன்னு. அதுக்குள்ள எங்கனயோ ஒரு மணிச் சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. மாடு எதுவும் காணாமப் போயிட்டோன்னு தேடிட்டே போறேன்..."

அந்தப் படத்தில் மழை உண்டு. மழைக்குள் வழி தவறி, கழுத்து மணியை ஆட்டிக்கொண்டே போகிற ஒன்றும் உண்டு.

"மாடு இல்லப்பா!" கண்ணைத் திறக்காமலேயே தர்ஷினி கத்தினாள். "ஆடு! ஆட்டுக்குட்டி!"

"ஆடாட்டி?" சுடலை தன் காதைத் தொட்டுப் பார்த்தார். வெறும் நீலத் திரையைப் பார்த்தார். பிறகு யாருக்கென்று இல்லாமல் மெதுவாகச் சொன்னார்.

"அப்போ தூங்கும்போதும் நான் இங்கனதான் கெடக்கேன் போல."

அதன் பிறகுதான் அவள் கண்ணைத் திறந்தாள்.